ரெண்டு தறி ஒரே அடி அடிக்குமா? – வாத்தியார் பதில்கள்

போன மாதம் இந்தப் பகுதியில் "தானாகத் தாளம் போடும் ஒரு பொருளை வரிசையாக அடுக்கி, மூளை மாதிரி கணக்குப் போட வைக்கப் பார்க்கிறார்கள்" என்று நான்கு வரி எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவிவிட்டேன். விடுவீர்களா? இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றித்தான். சர்க்கரை வியாதி, மாங்காய்ப் பூச்சி, சோலார் மானியம் கேட்டவர்கள் எல்லாம் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

"ஐயா, இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். வனேடியம் டை ஆக்சைடு ஆசிலேட்டர் என்று செமினார் தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். கட்டுரையில் 'பேஸ்' என்ற சொல் ஒரு வரியில் ஒரு அர்த்தத்திலும் அடுத்த வரியில் வேறு அர்த்தத்திலும் வருகிறது. தலை சுற்றுகிறது." – ஓமலூர் மாணவர்

தம்பி, தலை சுற்றுவது உன் தப்பு இல்லை. இங்கிலீஷ்காரன் ஒரே சொல்லை இரண்டு வேலைக்கு வைத்திருக்கிறான். தமிழில் பிரித்துக்கொள். பொருள் மாறுவதை 'நிலை' என்று சொல்: பனிக்கட்டி ஒரு நிலை, தண்ணீர் ஒரு நிலை. தாளத்தில் யார் முன்னே, யார் பின்னே என்பதைக் 'கட்டம்' என்று சொல். ஈ.பி.க்காரர் "மூணு பேஸ்" என்கிறாரே, அது இரண்டாவது. மூன்று கம்பியிலும் ஒரே 50 ஹெர்ட்ஸ்தான். ஆனால் ஒவ்வொன்றும் முந்தையதைவிட மூன்றில் ஒரு சுற்று தள்ளி வருகிறது. இதை ஞாபகம் வைத்துக்கொள், கீழே திரும்ப வரும்.

இப்போது பொருள். 1959ல் பெல் ஆய்வகத்தில் மோரின் என்பவர் சில உலோக ஆக்சைடுகளைச் சூடாக்கி மின்தடையை அளந்துகொண்டிருந்தார். அவற்றில் வனேடியம் டை ஆக்சைடு சுமார் 68 டிகிரி செல்சியஸில் சட்டென்று குணம் மாறுகிறது. அதுவரை கரண்டை விடமாட்டேன் என்று நின்ற பொருள், அதற்கு மேல் உலோகம் மாதிரி விட்டுவிடுகிறது. நல்ல படலத்தில் தடை ஆயிரம் மடங்குக்கும் மேல் விழும், நல்ல படிகத்தில் லட்சம் மடங்கு வரைகூட. ஆறினால் பழைய நிலைக்கே திரும்பும். குளிர்ந்த நிலையில் வனேடியம் அணுக்கள் ஜோடி ஜோடியாக நெருங்கி நிற்கின்றன, சூடானதும் ஜோடி பிரிந்து சம இடைவெளிக்கு வந்துவிடுகின்றன. ஜோடி பிரிவதால் எலக்ட்ரான்கள் விடுபடுகின்றனவா, எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளும் சண்டையில் ஏற்படும் மாற்றத்தால் ஜோடி பிரிகிறதா என்று இயற்பியல்காரர்கள் பல பத்து வருடமாக விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். செமினாரில் யாராவது கேட்டால் "இரண்டுக்கும் பங்கு உண்டு" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடு.

நமக்கு வேண்டிய சங்கதி வேறு. மேலே போகும்போது மாறும் புள்ளியும் கீழே இறங்கும்போது மாறும் புள்ளியும் ஒன்றல்ல, நடுவில் ஒரு இடைவெளி இருக்கிறது. உங்கள் வீட்டு இஸ்திரிப் பெட்டியைக் கவனி. சூடு ஒரு அளவைத் தாண்டினால் 'டிக்' என்று அணைகிறது. உடனே திரும்ப எரிவதில்லை. நன்றாக ஆறிய பிறகுதான் மறுபடி 'டிக்'. இந்த இரண்டு டிக்குக்கும் நடுவில் இடைவெளி இருப்பதால்தான் பெட்டி நிமிடத்துக்குச் சில தடவை எரிந்து அணைந்து, தானாக ஒரு தாளம் போடுகிறது. இப்படித் தானாகத் தாளம் போடுவதைத்தான் ஆசிலேட்டர் என்கிறார்கள்.

வனேடியம் டை ஆக்சைடு படலத்தை (இனிச் சுருக்கமாக வனேடியம்) ஒரு ரெசிஸ்டரோடு தொடராக வைத்து வோல்டேஜ் கொடுத்தால் அதே கதை நானோமீட்டர் அளவில் நடக்கும். படலம் கரண்டை விடாதவரை, பக்கத்தில் இருக்கும் கப்பாசிட்டரில் (கரண்டைச் சேர்த்துவைக்கும் தொட்டி மாதிரி) வோல்டேஜ் ஏறுகிறது. மேல் எல்லையைத் தொட்டதும் படலம் உலோகமாகி எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறது. வோல்டேஜ் கீழ் எல்லைக்கு விழுந்ததும் மறுபடி முறைத்துக்கொண்டு நிற்கிறது. வினாடிக்கு ஆயிரக்கணக்கிலிருந்து லட்சக்கணக்கு வரை இப்படி. இதே வேலையைச் சிலிக்கனில் செய்ய ஒரு கூட்டம் டிரான்சிஸ்டர் வேண்டும். இங்கே பொருளே ஆசிலேட்டர். உன் செமினாரின் முதல் படத்தில் இந்த ஒரு வரியை மட்டும் போடு.

"வாத்தியாரே, என் செட்டில் எட்டு விசைத்தறி ஓடுகிறது. ராத்திரி ஷிப்டில் சில நேரம் எல்லாத் தறியும் சொல்லிவைத்த மாதிரி ஒரே அடி அடிக்கும். கொஞ்ச நேரத்தில் கலைந்துவிடும். தாளங்கள் ஒன்றோடொன்று சேருவதை ஒத்திசைவு என்கிறார்களே, அது இதுதானே?" – அம்மாபேட்டை தறிக்காரர்

அண்ணா, உங்கள் கடிதத்தைப் படித்ததும் கேள்வியைவிடத் தறிச் சத்தம்தான் காதில் விழுந்தது. பதில் எழுதும் முன் எனக்குத் தெரிந்த ஒரு செட்டுக்கு ஒரு சாயங்காலம் போய் நின்றேன். நாடா (ஊடு நூலைச் சுமந்து ஓடும் கட்டை) இந்தப் பக்கம் அடிபட்டு அந்தப் பக்கம் போய் விழும் சத்தத்தை இரண்டு தறிக்கு மட்டும் தனியாகக் காதில் பிடித்துக்கொண்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். ஒன்று நிமிடத்துக்கு 120 அடி, பக்கத்துத் தறி 117. மூன்று அடி வித்தியாசம். அப்படியென்றால் நிமிடத்துக்கு மூன்று தடவை, அதாவது இருபது வினாடிக்கு ஒருமுறை, இரண்டும் ஒன்றாக விழ வேண்டும். விழுந்தது. அப்புறம் மெல்ல விலகி, எதிரும் புதிருமாகி, திரும்பவும் சேர்ந்தது. நாடாவுக்குள் இருக்கும் நூல் தாரை மாற்ற ஒரு தறியை நிறுத்தி ஓட்டிய பிறகும் அதே கணக்கு.

ஆகையால் இது ஒத்திசைவு இல்லை, சந்திப்பு. சிக்னலில் முன்னால் நிற்கும் இரண்டு வண்டியின் இண்டிகேட்டரும் கொஞ்ச நேரம் சேர்ந்து மின்னிப் பிறகு பிரிவதைப் பார்த்திருப்பீர்கள், அதேதான். எல்லா மோட்டாரும் அதே 50 ஹெர்ட்ஸ் கரண்டில் ஓடுவதால் வேகம் ஏறக்குறைய ஒன்றாக இருக்கிறது. ஆனால் மோட்டார் சுமைக்குத் தகுந்த மாதிரி சற்றுப் பின்தங்கும். பாவு இறுக்கம் வேறு, பெல்ட் தேய்மானம் வேறு. ஒரு தறிக்கு இன்னொரு தறி பக்கத்தில் இருப்பதே தெரியாது.

தெரிந்தால்தான் ஒத்திசைவு. 1665ல் ஹாலந்துக்காரர் ஹைகன்ஸ் உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தபோது, தன் அறையில் தொங்கிய இரண்டு ஊசல் கடிகாரங்களைக் கவனித்தார். ஒன்று இடதுபுறம் போகும்போது மற்றது சரியாக வலதுபுறம் போகிறது. கலைத்துவிட்டாலும் அரை மணி நேரத்தில் திரும்ப அதே மாதிரி வந்து சேர்கின்றன. இரண்டும் ஒரே கட்டையில் தொங்கியதுதான் காரணம். ஊசலின் மிகச் சிறிய உதறல் கட்டை வழியாக மற்றதற்குப் போய்ச் சேர்ந்தது. கடிகாரங்களைத் தள்ளித் தள்ளி வைத்ததும் சேர்க்கை போய்விட்டது. கலைத்தால் திரும்ப வந்து சேர்கிறதா என்பதுதான் சோதனை. உங்கள் தறிகள் அதில் தேறவில்லை, அண்ணா. வருத்தப்பட வேண்டாம், துணிக்கு ஒன்றும் ஆகாது.

இதில் நான் ஒருமுறை மூக்குடைபட்ட கதையும் உண்டு. பாலிடெக்னிக்கில் வேலை பார்த்த காலத்தில், லைன் டெஸ்டருக்குள் இருக்கிற மாதிரி சின்ன நியான் பல்பு இரண்டை வைத்து இரண்டு ஆசிலேட்டர் செய்தேன். நியானும் வனேடியத்தின் தாத்தா மாதிரிதான்: ஒரு வோல்டேஜில் பற்றும், அதைவிடக் குறைந்த வோல்டேஜில்தான் அணையும். 1920களிலேயே இதைக் கொண்டு தாளம் போட வைத்துவிட்டார்கள். என் திட்டம், முதலில் இரண்டும் தனித்தனியாக மினுக்குவதைக் காட்டி, அப்புறம் நடுவே ஒரு கப்பாசிட்டர் போட்டுச் சேர்த்துக் காட்டுவது. மாணவர்கள் நாற்பது பேர் சுற்றி நிற்க, ஸ்விட்சைப் போட்டால், இணைக்கும் முன்பே இரண்டும் கைகோத்து மினுக்குகின்றன! பின்பெஞ்சுப் பையன் ஒருவன், "சார், நீங்க சொல்றதுக்கு முன்னாடியே அதுங்க கேட்டுடுச்சு" என்றான். இரண்டுக்கும் ஒரே பவர் சப்ளை. ஒன்று பற்றும்போது சப்ளை வோல்டேஜ் கொஞ்சம் குழிந்து அடுத்ததற்குச் சேதி சொல்லிவிட்டது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. வனேடியத்தில் வேலை செய்கிறவர்களுக்கும், வேண்டாத வழியில் ஒட்டிக்கொள்ளும் இந்த இணைப்பு தலைவலிதான்.

"தாளம் சேருவது சரி. அதில் கணக்கு எங்கே வருகிறது?" – சூரமங்கலம், ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர்

நீங்கள் கேட்டதுதான் இந்த மாதத்துக் கேள்வி, ஐயா.

ஒரே மாதத்தில் நான்கு வீட்டுக் கல்யாணம் என்று வைத்துக்கொள்வோம். முதல் வீட்டுக்கும் இரண்டாம் வீட்டுக்கும் ஒரே சமையல் மாஸ்டர். இரண்டுக்கும் மூன்றுக்கும் ஒரே நாயனக் கோஷ்டி. மூன்றுக்கும் நான்குக்கும் ஒரே வீடியோக்காரர். நான்குக்கும் ஒன்றுக்கும் ஒரே மண்டபம். பங்கு போடுகிற வீடுகள் ஒரே முகூர்த்தத்தில் வரக்கூடாது. குறைந்தது எத்தனை முகூர்த்தம் வேண்டும்? நான்கு வீடுதான், விரலிலேயே சொல்லலாம்: ஒன்றும் மூன்றும் ஒரு நாள், இரண்டும் நான்கும் ஒரு நாள், இரண்டு முகூர்த்தம் போதும். வைகாசியில் சேலம் முழுக்க நடக்கும் கல்யாணம் அத்தனைக்கும் கேட்டால் விரல் போதாது, கம்ப்யூட்டரும் திணறும். வீடு கூடக்கூட, சோதிக்க வேண்டிய வழிகள் பெருக்கலில் ஏறும்.

இப்போது ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு ஆசிலேட்டர் வையுங்கள். பங்கு போடும் வீடுகளுக்கு நடுவில் மட்டும் ஒரு கப்பாசிட்டர். இந்த மாதிரி ஆசிலேட்டர்களைக் கப்பாசிட்டரால் தகுந்த அளவில் இணைத்தால் ஹைகன்ஸ் கடிகாரம் மாதிரியே ஒன்றையொன்று எதிர்க்கட்டத்துக்குத் தள்ளும். ஸ்விட்சைப் போட்டுவிட்டு ஒதுங்கி நின்றால் போதும். ஒன்று இரண்டைத் தள்ளும், இரண்டு மூன்றைத் தள்ளும், எல்லாம் இழுபறி நடத்தி ஒரு இடத்தில் அமரும். ஒன்றும் மூன்றும் சேர்ந்து அடிக்கும், இரண்டும் நான்கும் அதற்கு எதிராகச் சேர்ந்து அடிக்கும். கட்டத்தைப் படித்தால் அதுவே விடை.

சரி, ஒன்றாம் வீட்டுக்கும் மூன்றாம் வீட்டுக்கும் ஒரே புரோகிதர் என்று தெரியவருகிறது. அவற்றுக்கு நடுவிலும் ஒரு கப்பாசிட்டர். இனி இரண்டு முகூர்த்தம் போதாது. ஒன்று, இரண்டு, மூன்று மூவரும் ஒருவரையொருவர் தள்ளினால் எங்கே போவார்கள்? ஒரு சுற்றை மூன்றாகப் பங்கு போட்டுக்கொண்டு ஆளுக்கொரு இடத்தில் நிற்பார்கள். ஈ.பி.க்காரரின் மூன்று பேஸ்! நான்காம் வீடு இரண்டாம் வீட்டின் பக்கமாக ஒதுங்கிக்கொள்ளும்.

இது வெறும் கற்பனை இல்லை. 2014ல் நிகில் சுக்லா, அபினவ் பரிஹார், சுமன் தத்தா, அரிஜித் ராய்சௌத்ரி முதலியோர் அமெரிக்காவில் இரண்டு வனேடிய ஆசிலேட்டர்களை இணைத்து ஒரே அதிர்வெண்ணுக்கு வரவைத்தார்கள். 2017ல் பரிஹார் குழுவினர் மேலே சொன்ன கல்யாணக் கணக்கை (அவர்கள் பாஷையில் 'வரைபடத்துக்கு நிறம் பூசுவது') இப்படிப்பட்ட பின்னலில் செய்து காட்டினார்கள். 2021ல் எட்டு ஆசிலேட்டரை இணைத்து, ஒரு கூட்டத்தை இரண்டாக வெட்டும் கணக்கைப் போட்டார்கள். எட்டுதான், உங்கள் அம்மாபேட்டைக்காரரின் தறி எண்ணிக்கை! அதைப் படித்தபோது எனக்கும் சிரிப்பு வந்தது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. இழுபறியில் அமரும் இடம் எப்போதும் மிகச் சிறந்த இடமாக இருக்காது. சுமாரான ஒரு குழியில் மாட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிடும். அதற்கு வைத்தியம் வேண்டுமென்றே கொஞ்சம் இரைச்சலை, அதாவது தாறுமாறான சின்ன ஏற்ற இறக்கத்தை, மின்சாரத்தில் கலப்பது. படியில் அரிசி அளக்கும்போது குலுக்கினால் இன்னும் ஒரு பிடி பிடிக்கும் அல்லவா, அதுதான். வனேடியப் படலத்தில் நிலை மாறும் வோல்டேஜே ஒவ்வொரு சுற்றிலும் இம்மி அளவு மாறுவதால், குலுக்கல் ஓரளவு இலவசமாகவே கிடைக்கிறது. மற்ற சில்லுக்காரர்கள் பயப்படும் குறையை இவர்கள் கூலிக்கு வேலை வாங்குகிறார்கள். இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடித்தது.

இந்த யோசனை புதிதா என்றால், பாதிதான். 1954லேயே ஜப்பானில் எய்ச்சி கோட்டோ, பூஜ்யம் ஒன்று இரண்டையும் வோல்டேஜாக வைக்காமல் அலையின் கட்டமாக வைத்து 'பாராமெட்ரான்' என்று ஒன்றைச் செய்தார். அதைக் கொண்டு நிஜமான கம்ப்யூட்டர்களும் கட்டினார்கள். டிரான்சிஸ்டர் மலிவானதும் அது ஓரங்கட்டப்பட்டது. இப்போது திரும்பி வருவது பழைய ராகம், புதிய வாத்தியம்.

"உருக்காலையில் முப்பது வருடம் வேலை பார்த்தவன். இரும்பு 912 டிகிரியில் அணு அடுக்கு மாறும் என்று எங்களுக்குத் தெரியும். பழைய டி.வி.டி.யில் எழுதி அழிப்பதும் நிலை மாற்றம் என்கிறார்கள். எல்லாம் ஒன்றா?" – இரும்பாலை சாலை

உறவுதான், ஆனால் ஒரே வீடு இல்லை. எழுதி அழிக்கும் டி.வி.டி. சிலவற்றில் இருப்பது ஜெர்மானியம், ஆன்டிமனி, டெல்லூரியம் கலவை. உருக்கிச் சட்டென்று ஆறவைத்தால் கண்ணாடி மாதிரி ஒழுங்கற்று உறையும், நிதானமாகச் சூடாக்கினால் படிகமாகும். உங்கள் பாஷையில் ஒன்று தண்ணீரில் முக்கி எடுத்தது, மற்றது அடுப்பிலேயே ஆறவிட்டது. கரண்டை நிறுத்தினாலும் அந்த நிலை அப்படியே நிற்கும். அதனால் அது நினைவகத்துக்கு. வனேடியம் சூடு போனதும் திரும்பிவிடும். அதனால் அது தாளத்துக்கு.

"என் வீட்டுக்காரருக்கு ஈ.ஈ.ஜி. எடுத்தார்கள். காகிதம் முழுக்க அலை. நம் மூளையும் இப்படித் தாளம் சேர்த்துத்தான் யோசிக்கிறதா?" – அஸ்தம்பட்டி வாசகி

அம்மா, முதலில் அவர் உடம்பு தேவலையா? அந்தக் காகிதத்தில் நீங்கள் பார்த்ததை 1924ல் ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் முதன்முதலில் மனிதரிடம் பதிவு செய்தார், 1929ல் வெளியிட்டார். கண்ணை மூடிச் சும்மா இருக்கும்போது வினாடிக்குப் பத்துத் தடவை ஏறி இறங்கும் அலை ஒன்று உண்டு. கண்ணைத் திறந்தால் அது அடங்கிவிடும். லட்சக்கணக்கான நரம்பணுக்கள் சேர்ந்து அடித்தால்தான் அந்த அலை மண்டை ஓட்டைத் தாண்டி வெளியே தெரியும். ஆகவே தாளம் சேர்வது உண்மை. யோசனையே அதுதானா என்றால், அப்படிச் சொல்கிறவரிடம் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள். 'மூளையைப் போல' என்பதில் பாதி விளம்பரம். மூளையிடமிருந்து இவர்கள் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு பழக்கம்: வரிசையாக ஒவ்வொரு அடியாகக் கணக்குப் போடாமல், எல்லோரும் ஒரே நேரத்தில் பேசி ஒரு முடிவில் அமர்வது. 1982ல் அமெரிக்க இயற்பியலாளர் ஹாப்ஃபீல்டு இப்படிப்பட்ட பின்னலில் ஞாபகத்தை எப்படி வைக்கலாம் என்று எழுதினார், 2024ல் இயற்பியல் நோபல் பரிசு பெற்ற இருவரில் அவர் ஒருவர். பாதி அழிந்த கோலத்தைப் பார்த்ததும் உங்கள் கை மீதிப் புள்ளியைச் சரியாக வைக்கிறதே, அந்த மாதிரி ஞாபகம். சூரிச்சில் ஐ.பி.எம். ஆய்வகத்தில் சிலிக்கன் மேலேயே வனேடியப் படலத்தை வைத்து இந்த வகையில் சின்னச் சின்ன உருவங்களை அடையாளம் காண வைக்க முயன்றிருக்கிறார்கள்.

செலவுக் கணக்கில் மட்டும் மூளையை யாரும் நெருங்கவில்லை. சுமார் 20 வாட். உங்கள் வீட்டு எல்.ஈ.டி. குழல்விளக்கு அளவு.

"இது கடைக்கு எப்போது வரும்? பையனை எதில் சேர்ப்பது என்று யோசிக்கிறேன்." – ஆத்தூர்

பையனை இயற்பியலில் சேருங்கள், எது வந்தாலும் பிழைத்துக்கொள்வான். இந்தச் சில்லு நாளைக்கே வராது. முதல் வில்லன் சூடு. சித்திரையில் நம் ஊரில் நிழலிலேயே 40 டிகிரி. தொழிற்சாலைத் தரச் சில்லு 85 டிகிரி வரை தாக்குப்பிடிக்க வேண்டும் என்பது வழக்கம். வனேடியம் 68ஐத் தாண்டினால் உலோகமாகவே நின்றுவிடும், தாளம் கிடையாது. டங்ஸ்டன் கலந்தால் அந்த எல்லை இன்னும் கீழே போகும், ஜெர்மானியம் கலந்தால் மேலே ஏறும். ஆகவே இப்போது ஜெர்மானியத்தின் பக்கம் பார்க்கிறார்கள். இரண்டாவது, பக்கத்துப் பக்கத்தில் செய்த இரண்டு படலம்கூட ஒரே மாதிரி அடிப்பதில்லை. வித்தியாசம் கொஞ்சமாக இருந்தால்தான் இழுத்துச் சேர்க்க முடியும். எட்டை ஜோடி சேர்ப்பது ஒன்று, எட்டாயிரத்தைச் சேர்ப்பது வேறு. மூன்றாவது, கம்பி. எல்லோரும் எல்லோரோடும் பேச வேண்டுமானால் நூறு பேருக்கு 4950 இணைப்பு. தட்டையான சில்லில் அதற்கு இடமே இருக்காது.

"தாத்தா, நான் எட்டாம் வகுப்பு. எங்கள் எஸ்டேட்டில் மின்மினி உண்டு. அவை ஒன்றாக மின்னுமா? இந்தத் தாளம் சேர்வதை வீட்டில் செய்து பார்க்க முடியுமா?" – ஏற்காடு மாணவி

கண்ணு, மின்மினியில் சில இனம்தான் ஒன்றாக மின்னும். நம் மாநிலத்தில் ஆனைமலைக் காட்டில் மரம் மரமாக அப்படி மின்னும் கூட்டம் உண்டு. உங்கள் காப்பித் தோட்டத்து மின்மினி எந்த இனம் என்பதை ஒரு ராத்திரி உட்கார்ந்து நீதான் பார்த்துச் சொல்ல வேண்டும். தறிக்கார மாமாவுக்குச் சொன்ன சோதனையை மறந்துவிடாதே: கலைந்தால் திரும்பச் சேர்கிறதா?

வீட்டுக்கு மெழுகுவத்தி போதும். பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள். ஒற்றை மெழுகுவத்தியின் சுடர் அசையாமல் நிற்கும். மூன்றை நூலால் சேர்த்துக் கட்டிப் பற்றவைத்தால், சேர்ந்த சுடர் வினாடிக்குப் பத்துத் தடவை போல ஏறி இறங்கும். கண்ணுக்குத் துடிப்பு மாதிரி தெரியும். செல்போனில் ஸ்லோ மோஷன் வைத்து எடுத்தால் எண்ணவே எண்ணலாம். அப்படி இரண்டு கட்டு செய்து பக்கத்துப் பக்கத்தில் வை. கிட்டத்தில் இருந்தால் இரண்டும் சேர்ந்து எழும், சேர்ந்து தாழும். மெல்ல விலக்கிக்கொண்டே போ. ஒரு இடத்தில் சட்டென்று மாறி, ஒன்று எழும்போது மற்றது தாழும். இதைச் சென்னை ஐ.ஐ.டி.யில் சுஜித் குழுவினர் 2018ல் கவனமாக அளந்து எழுதினார்கள். அந்த மாறும் இடத்தை ஒட்டி, இரண்டு சுடரும் துடிப்பை விட்டுவிட்டு அப்படியே நிற்கும் ஒரு நிலையும் உண்டு என்று அதில் காட்டியிருக்கிறார்கள்.

நான் அடிவாரத்து வீட்டில், கரண்ட் போன ஒரு ராத்திரி செய்து பார்த்தேன். திண்ணையில் மூன்று முறையும் காற்று அணைத்துவிட்டது. சமையலறைக்குள் போனேன். வீட்டுக்காரம்மா, "ஆறு மெழுகுவத்தி எரியுது, ஆனா சோறு போட வெளிச்சம் பத்தலை" என்று ஒரு கட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அந்த இழுப்பில்தான் எதிர்க்கட்டம் எனக்குத் தெரிந்தது. சுடர் நிற்கும் அந்த நடு இடத்தை மட்டும் என்னால் பிடிக்க முடியவில்லை. ஜன்னலைச் சாத்திவிட்டுச் செய். எத்தனை விரல்கடை தூரத்தில் மாறியது என்று ஒரு கார்டில் எழுதிப் போடு, அடுத்த இதழில் உன் அளவைப் போடுகிறேன்.